திருச்சியிலிருந்து ஆக்லாந்துக்கு ஒரு நாத்தனார்

தம்பி கல்யாணத்துக்கு நியூசிலாந்து போகிறேன் என்று என் மெஸ்ஸில் சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த பஸ் டிரைவர்கள் கேட்ட முதல் கேள்வி, "எத்தன மணி நேரங்க்கா?" என்பதுதான். எங்கள் பெரம்பலூரில் தூரத்தைக் கிலோமீட்டரில் யாரும் கேட்பதில்லை. அரியலூர் என்றால் முக்கால் மணி நேரம், திருச்சி என்றால் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் கணக்கு.

"திருச்சிலேர்ந்து சிங்கப்பூர் நாலு, அங்கேர்ந்து ஆக்லாந்து பத்து. ஆகக்கூடி பதினாலு மணி நேரம். பதினோராயிரம் கிலோமீட்டரு" என்று சாம்பார் வாளியைக் கீழே வைக்காமல் சொன்னேன். தம்பி சொல்லிக் கொடுத்ததை நான்கு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சென்னை வண்டி ஓட்டுகிற ஒருவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "மெட்ராசுக்கு இருபது நடை போயிட்டு வர்ற தூரம்க்கா. வழில ஒரு டீக்கடகூட இருக்காதே" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் இரண்டாவது தடவை ரசம் நானே ஊற்றினேன்.

பெருமைப்பட எனக்குக் காரணம் இருந்தது. பூலாம்பாடிப் பக்கம் அடுத்தவர் காட்டில் சின்ன வெங்காயம் ஆய்ந்த குடும்பம் எங்களுடையது. அம்மாவும் நானும் வெங்காயம் ஆய, வரப்பில் தொட்டில் கட்டிப் போட்டிருந்த தம்பி இளங்கோ, இன்றைக்கு ஆக்லாந்தில் பாலம் கட்டுகிற கம்பெனியில் இன்ஜினியர். அவனுக்கு அங்கேயே பெண் அமைந்தது. ரோஷ்னி என்று பெயர். ஃபிஜித் தீவில் பிறந்த பெண். கரும்புத் தோட்ட வேலைக்காக வெள்ளைக்காரன் காலத்தில் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வம்சம். வீட்டில் பேசுவது இந்தியும் இங்கிலீஷும். தமிழ் போய்விட்டது.

அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. மாப்பிள்ளை வீடு என்றால் நான் ஒருத்திதான். எங்கள் வழக்கத்தில் தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டு முடிச்சையும் நாத்தனார் போட வேண்டும். தாலியையும் மாப்பிள்ளை வீட்டார்தான் கொண்டுபோக வேண்டும். அம்மா கழுத்தில் கடைசி வரைக்கும் மஞ்சள் துண்டு கோத்த கயிறுதான் கிடந்தது. தங்கத்தில் குண்டுமணி அளவுகூட அவள் பார்த்ததில்லை. என் வீட்டுக்கு வருகிற பெண்ணுக்குத் தங்கத்தில்தான் தாலி என்பது என் வைராக்கியம். பெரம்பலூர் ஆசாரியிடம் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்து வாங்கினேன்.

கிளம்புகிற நாள் வியாழக்கிழமையாக அமைந்துவிட்டது. வியாழன் தெற்கே சூலம். திருச்சி எங்களுக்குத் தெற்கே. விமானக் கம்பெனிக்காரனிடம் போய் இதையெல்லாம் சொல்ல முடியுமா? அதனால் புதன்கிழமையே பரஸ்தானம் வைத்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், முந்தின நல்ல நேரத்திலேயே நம் மூட்டையில் ஒன்றைக் கொண்டுபோய், போகிற திசையில் இருக்கிற ஒரு வீட்டில் வைத்துவிடுவது. அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம். சூலம் ஒன்றும் செய்யாது.

எங்கள் தெருவின் தெற்குக் கோடியில் நூர்ஜஹான் அக்கா வீடு. என் மெஸ்ஸுக்கு மசாலா அரைத்துக் கொடுப்பவர். "முக்கியமான சாமானத்தான் வைக்கணும்னு சொல்லுவாங்க" என்று தாலியும் மஞ்சள் கயிறும் இருந்த சின்ன மஞ்சள் பையை அவரிடம் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இன்ஷா அல்லா, நல்லபடியா நடக்கும். காலைல வாசல்லயே நிக்கிறேன் வளரு."

வியாழக்கிழமை காலையில் கார் வந்தது. தெருவே கூடி வழியனுப்பியது. தெற்குக் கோடியில் ஒரு போர்வெல் வண்டி குறுக்கே நின்றுகொண்டிருந்தது. டிரைவர் பையன் பாட்டுக்கு வண்டியை ரிவர்ஸ் எடுத்து வடக்குப் பக்கமாகவே வெளியேறிவிட்டான். "என்னப்பா, கல்யாணத்துக்குப் போற வண்டிய பின்னாடியா எடுப்பாங்க" என்று ஆரம்பித்தவள், பைபாஸ் ஏறி சிறுவாச்சூர் தாண்டும் வரைக்கும் அவனை விடவில்லை. அங்கே மட்டும் காளியம்மனுக்கு காரிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடியும் திட்டினேன். போனில் நூர்ஜஹான் அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மெஸ்ஸிலிருந்து உப்பு எங்கே, புளி எங்கே என்று கேட்பார்கள் என்று நான் சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன்.

விமானத்தில் நான் ஏறுவது முதல் தடவை. பயமெல்லாம் இல்லை. எங்கள் ஊர் மினி பஸ்ஸில் படியில் நின்று போனவளுக்கு இது என்ன. சாப்பாடுதான் மனசுக்கு ஒப்பவில்லை. தீப்பெட்டி மாதிரி ஒரு டப்பாவில் ஒரு கரண்டி சோறு. அதன் மேல் குழம்பா கூட்டா என்று பிடிபடாத ஒரு மஞ்சள் வஸ்து. தாளிக்காத குழம்பு, சின்ன வெங்காயத்தின் வாசமே அறியாதது. பக்கத்து சீட்டில் இருந்தவர் உடையார்பாளையத்துக்காரர், சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. "அக்கா, நீங்க மெஸ் வச்சிருக்கீங்களா" என்று கேட்டார். எப்படித் தெரிந்தது என்றேன். "ஒரு வாய்க்கு ஒருதரம் தலைய ஆட்டுறீங்களே" என்றார்.

சிங்கப்பூரில் ஒரு முனையத்திலிருந்து இன்னொரு முனையத்துக்குப் போக ஆள் இல்லாமல் ஓடுகிற குட்டி ரயில் இருக்கிறது. நான் எதிர்த்திசை வண்டியில் ஏறிவிட்டேன். இறங்கி, மறுபடி ஏறி, மறுபடியும் அதே இடம். ஒரு சீனப் பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய்ச் சரியான கதவில் விட்டார். அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நான் தமிழில் நன்றி சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

சரியான வாசலில் போய் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கைப்பையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பாஸ்போர்ட் இருந்தது. கூறைப்புடவை இருந்தது. குங்குமச் சிமிழ் இருந்தது. மஞ்சள் பை இல்லை. ஒரு நிமிஷம் யாராவது எடுத்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் ரிவர்ஸ் எடுத்த கார் ஞாபகத்துக்கு வந்தது.

அங்கே வைஃபை இலவசம். நூர்ஜஹான் அக்கா முதல் மணியிலேயே எடுத்தார்.

"பை என் கைலதான் இருக்கு வளரு. உனக்கு எத்தன தடவ போட்டேன் தெரியுமா? எம்பாட்டுக்கு வாசல்ல நிக்கிறேன், உன் காரு அந்தப் பக்கம் போவுது. நான் கத்துறேன், போர்வெல்காரன் சத்தத்துல எவனுக்குக் கேக்கும்?"

"ஓடி வந்திருக்கலாமேக்கா."

"ஓடத்தான் செஞ்சேன். இந்த முட்டியோட எவ்வளவு தூரம் ஓடுவேன்?"

அவரைக் கோபித்துக்கொண்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கூரியர் ஆபீசில் கேட்டாராம், ஒரு வாரம் ஆகும் என்றார்களாம். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை.

ஆக்லாந்து விமானத்தில் எல்லா சீட்டுக்கு முன்னாலும் ஒரு சின்ன டிவி. எனக்கு மட்டும் படம் பார்க்க மனசில்லை. வரைபடத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். போய்ச் சேர இன்னும் எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்று காட்டியது. குறைந்துகொண்டே வந்தது. அந்த எண் குறையக் குறைய என் தாலி அத்தனை தூரம் பின்னால் போகிறது என்றுதான் எனக்குப் பட்டது. மெஸ்ஸில் எவ்வளவு பெருமையாகப் பதினோராயிரம் என்று சொன்னேன். அதே பதினோராயிரம்தான் இப்போது என்னையும் தாலியையும் பிரித்துவைத்தது. பெற்றவர்கள் இல்லாத பையன், ஒரே ஒரு அக்கா, அவளும் தாலியை மறந்துவிட்டு வந்து நிற்கிறாள் என்று சம்பந்தி வீட்டில் பேசுவார்களே. அம்மா இருந்திருந்தால் மறந்திருக்க மாட்டாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். விமானப் பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் குந்தியிருந்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இறங்கினேன். வைகாசி மாசம், நமக்குத் தலை வெடிக்கிற வெயில். அங்கே குளிர்காலம் ஆரம்பம். அதிகாரி ஒருவர் என் செருப்பைக் கழற்றச் சொன்னார். அடியில் எங்கள் ஊர்க் கரிசல் மண் அப்பியிருந்தது. வெளிநாட்டு மண் உள்ளே வரக் கூடாதாம். உள்ளே எடுத்துக்கொண்டுபோய்ப் பளிச்சென்று கழுவித் துடைத்துக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். எங்கள் அம்மா செருப்போடு நடக்க முடியாத தெருக்கள் அவள் காலத்தில் இருந்தன. அவள் மகள் செருப்பை ஒரு நாட்டு அரசாங்கமே கழுவிக் கொடுத்தது. அந்தத் துக்கத்திலும் நான் நிமிர்ந்துதான் வெளியே வந்தேன்.

இளங்கோவைப் பார்த்ததும் எல்லாம் உடைந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். "விடுக்கா, நீ வந்ததே போதும்" என்றான். அப்படிச் சொன்னதற்கும் அவனுக்கு ஒரு அதட்டல் விழுந்தது.

வண்டி ஓட்டிக்கொண்டு வந்தது ரோஷ்னியின் அப்பா. அந்த ஊரில் டவுன் பஸ் டிரைவர். அது தெரிந்ததும் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இருபது வருஷமாக டிரைவர்களுக்குச் சோறு போட்டவள் நான். அவர் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை. ஆளே இல்லாத ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றார். எங்கள் ஊர் டிரைவர்கள் பார்த்தால், வண்டியில் ஏதோ கோளாறு என்று இறங்கி வந்து கேட்டிருப்பார்கள். விஷயம் கேள்விப்பட்டதும் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். தம்பி தமிழில் சொன்னான்: "இங்க இந்தியக்காரங்க நகைக்கடை இருக்காம். நாளைக்கே போயி தங்கத்துல வாங்கிடலாம், கவலப்படாதீங்கன்னு சொல்றாருக்கா."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. "தாலி எங்க வூட்டுலேர்ந்துதான் வரணும்னு சொல்லுடா. பொண்ணு வூட்டுல வாங்கித் தர்ற தாலிய நான் தொட மாட்டேன்." தம்பி அதைப் பாதி முழுங்கிவிட்டுத்தான் மொழிபெயர்த்திருப்பான். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை தம்பியோடு அந்த நகைக்கடைக்குப் போனேன், என் கைக்காசில் வாங்கிவிடலாம் என்று. கடைக்காரர் குஜராத்திக்காரர். கருகமணிச் சரம் காட்டினார், இதய வடிவத்தில் ஏதோ தொங்கட்டான் காட்டினார். எங்கள் பொட்டுத் தாலியை வரைந்து காட்டினேன். செய்து தர இரண்டு வாரம் ஆகும் என்றார். அந்தக் கருகமணியைக் கட்டினால் அது எங்கள் தாலியே இல்லை. வெறுங்கையோடு திரும்பினோம்.

அன்று மத்தியானம் ரோஷ்னி வீட்டில் சாப்பாடு. அதைச் சொல்லியே ஆக வேண்டும். மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து வைத்திருந்தார்கள். சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப்பாலில் கடைந்திருந்தார்கள். பருப்பில் பூண்டைத் தட்டிப் போட்டு, காய்ந்த மிளகாயும் சீரகமும் தாளித்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு தாளிப்பு வாசம். எந்தத் தேசத்துக்குப் போய் உட்கார்ந்தாலும் தாளிக்கிற வீட்டில் நமக்கு ஒரு இடம் உண்டு என்று நினைத்துக்கொண்டேன். ரோஷ்னியின் அம்மா கமலா எனக்குப் பரிமாறினார். என் வயசுதான். கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "சோறு" என்றார். அப்புறம் "ரசம்" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாக என் முன்னால் எடுத்து வைத்தார். அக்கா. சாமி. தாலி.

தாலி என்றதும் எனக்குக் கை நின்றுவிட்டது. எனக்கு அம்மாவின் கழுத்துதான் நினைவுக்கு வந்தது. வெங்காயக் காட்டில் குனிந்து நிற்கும்போது முன்னால் ஆடிக்கொண்டிருந்த அந்த மஞ்சள் துண்டு. கயிறு நைந்தால் புதுக் கயிறு, மஞ்சள் உடைந்தால் புது மஞ்சள். அதைக் கட்டிக்கொண்டுதான் என்னையும் இளங்கோவையும் பெற்று வளர்த்தாள். அதைப் போய் நான் ஏன் குறைச்சல் என்று நினைத்தேன்?

"இங்க மஞ்சள் கெடைக்குமாடா? தூள் இல்ல, கெழங்கு" என்று தம்பியைக் கேட்டேன். அவன் வாயைத் திறக்கும் முன்னால் கமலா எழுந்துவிட்டார். "மஞ்சா?" என்றார். என் எச்சில் கையைப் பிடித்து, அப்படியே பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

பின்னால் பிளாஸ்டிக் கூரை போட்ட ஒரு சின்னக் கொட்டகை. உள்ளே ஒரு பழைய தொட்டி. குளிருக்கு இலை எல்லாம் காய்ந்து சாய்ந்திருந்தது, நம் ஊரில் தை மாசம் மஞ்சள் வெட்டுகிற பதத்துக்கு. கமலா முழங்கால் போட்டுக் கையாலேயே தோண்டினார். வேர் முடியும் மண்ணுமாக ஒரு கொத்து வந்தது. ஒன்றை ஒடித்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். அந்த வாசம், சத்தியமாகச் சொல்கிறேன், பொங்கல் அன்று எங்கள் பானைக் கழுத்தில் கட்டுகிற அதே மஞ்சள் கொத்தின் வாசம்.

ஆனால் என் வறட்டுப் பிடிவாதம் மறுபடி தலையைத் தூக்கியது. "இதுவும் பொண்ணு வூட்டு மஞ்சளாச்சேடா" என்றேன். தம்பி தலையில் அடித்துக்கொண்டு அதை இங்கிலீஷில் சொன்னான். பின்னாலேயே வந்திருந்த ரோஷ்னி அதை அவள் அம்மாவிடம் சொன்னாள். கமலா சிரிக்கவில்லை. கையில் மண்ணோடு நின்று நிதானமாகப் பேசினார். ரோஷ்னி இங்கிலீஷில் சொல்ல, தம்பி தமிழில் சொன்னான்:

"இது ஃபிஜி மஞ்சள். ஃபிஜிக்கு எங்க ஆளுங்க கப்பல்ல போனப்ப, துணி மூட்டையில முடிஞ்சு கொண்டுபோனதுன்னு எங்க வூட்டுல சொல்லுவாங்க. தோட்டத்துல தங்கம் ஏது? எங்க ஆளுங்க எல்லாருக்கும் இதுதான் தாலி. எந்த ஊர்லேர்ந்து போனாங்கன்னு எங்களுக்குத் தெரியாது, பேரு மறந்துபோச்சு. மஞ்சள் மட்டும் மறக்கல. இது எங்க வூட்டு மஞ்சள் இல்ல அக்கா. உங்க பக்கத்துலேர்ந்து வந்ததுதான்."

அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டேன். என் கையில் பருப்பு, அவர் கையில் மண். இரண்டு பேர் முதுகும் நாசமாயிற்று.

அன்று சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து வெள்ளை நூலை முறுக்கினோம். அவர் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைத் தொடையில் வைத்துத் திரித்தேன். மஞ்சளை அரைத்துப் பூசினோம். விரலி மஞ்சளில் நல்லதாக ஒரு துண்டு பார்த்து நடுவில் கட்டினேன். எங்களுக்குள் பேச மொழி இல்லை, தேவையும் படவில்லை.

"உங்க ஊருக்கு எத்தன மணி நேரம்?" என்று ஒரு தடவை கேட்டார், ரோஷ்னி, தம்பி மூலமாக. பெரம்பலூர்க்காரி மாதிரியே மணி நேரத்தில் கேட்டார். பதினாலு என்றேன். அவர்கள் ஆட்கள் கப்பலில் மாசக்கணக்காகப் போனார்களாம். திரும்பிப் போனவர் அவர் குடும்பத்தில் ஒருவரும் இல்லையாம். பதினாலு மணி நேரம்தானா என்று தனக்குள் இந்தியில் முணுமுணுத்தார். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. எனக்கே புரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் முகூர்த்தம். அங்கே மத்தியானம் ஆகப்போகிற நேரம், நமக்கு விடியற்காலை. நூர்ஜஹான் அக்கா காலைத் தொழுகையை முடித்துவிட்டு வீடியோவில் வந்துவிட்டார். தலையில் முக்காடு, கையில் அந்த மஞ்சள் பை. பையையும் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், அதுவும் கல்யாணம் பார்க்கட்டும் என்று.

இளங்கோ முதல் முடிச்சுப் போட்டான். பாலம் கட்டுகிறவன், முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டான். நான் ரோஷ்னியின் பின்னால் நின்று இரண்டாவது முடிச்சைப் போட்டேன். மூன்றாவதைப் போடும்போது, அம்மா உன் தாலிதான் உன் மருமகளுக்கும் என்று மனசுக்குள் சொன்னேன். தங்கத்தில் கட்டியிருந்தால் எனக்கு அந்தப் பெருமை கிடைத்திருக்காது. சபையில் இருந்த ஃபிஜிக்காரப் பெண்கள் எழுந்து வந்து அந்த மஞ்சளைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டார்கள். "மாஷா அல்லா" என்று போனிலிருந்து ஒரு குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். வரும்போதும் அதே டிவி, அதே வரைபடம். இந்தத் தடவை நன்றாகத் தூங்கினேன்.

தெருவுக்குள் கார் நுழையும்போது நூர்ஜஹான் அக்கா வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தார். "இந்தா, உன் சாமான். பத்து நாளா பீரோவுல வச்சுப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிட்டுத் திரியிறேன். தூக்கமே இல்ல" என்று நீட்டினார்.

நான் வாங்கவில்லை. கிளம்புகிற அன்று விமான நிலையத்தில் கமலாவிடம் ஒரு விஷயம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். உங்கள் ஊர்ப் பெயர் தெரியாவிட்டால் பெரம்பலூர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வைகாசிக்குக் குடும்பத்தோடு வாருங்கள், ரோஷ்னி கழுத்தில் அந்தத் தங்கத் தாலியை நீங்கள்தான் கோத்துப் போட வேண்டும் என்று. தம்பி அதை இங்கிலீஷில் சொல்ல, ரோஷ்னி இந்தியில் சொல்லி முடித்ததும் கமலா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அவருக்குத் தெரிந்த தமிழில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "வரேன்."

"உள்ளயே வைங்கக்கா" என்றேன் நூர்ஜஹான் அக்காவிடம். "அது கமலா வூட்டுப் பரஸ்தானம். அவங்க கெளம்பிட்டாங்க."